புறங்காலில் போட்ட பெருக்கல் குறி

2009 ஆகஸ்ட் 9. எனக்கு இன்று எழுபத்தோரு வயதும் நான்கு மாதமும் ஆறு நாளும்.

பாவா, கண்ணாடிக் கூட்டைத் தேடி அலமாரியைக் கலைத்தபோது, நீங்கள் போனபிறகு நான் நெற்றிக்கு எடுக்காத குங்குமச் சிமிழ் உருண்டு விழுந்தது. உள்ளே உங்கள் ஸ்டென்ட். எலும்பு பொறுக்கப் போன என் தம்பி அதைச் சாம்பலில் கண்டெடுத்து, இலையில் வைத்துக் கொண்டுவந்தான். "அக்கா, பேனா ஸ்பிரிங்காட்டம் கீது. பாவாவோடதா?" என்றான். ஆற்றில் விடச் சொன்னார்கள், நான் கொடுக்கவில்லை. உங்கள் கால் ரத்தக்குழாயைத் திறந்துவைக்க வந்தது, குழாயும் நீங்களும் எரிந்துபோன பிறகும் வாய் திறந்தே கிடக்கிறது.

மலைப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற உங்களுக்கு நூறடி நடந்தால் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். பீடி என்றேன் நான். கிளட்ச் மிதித்தது என்றீர்கள் நீங்கள். சுண்டுவிரல் புண் ஆறாமல் போனபிறகே சென்னைக்கு வரச் சம்மதித்தீர்கள். தொடையில் அடைப்பு. கம்பிவலைக் குழாய் ஒன்றை உள்ளே வைத்துத் திறக்கலாம் என்றார் மருத்துவர்.

"ஒடம்புக்குள்ள இரும்ப வெச்சிகினு எப்டி டீச்சரம்மா நடமாடுறது? அதுவும் ஒரு நாளு அடைச்சிக்கும், பாரு."

பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவள் நான். தாளில் படம் வரைந்து, உங்கள் தம்பிகள் முன்னிலையில் உங்களை மடக்கினேன். கையெழுத்துப் போட்டீர்கள்.

வைத்த மறுநாள், உங்கள் புறங்காலில் நாடி துடிக்கும் இடத்தைத் தேடிப் பேனாவால் பெருக்கல் குறி போட்டார் மருத்துவர். தினமும் காலையில் அங்கே விரல் வைத்துப் பார்க்க வேண்டும். துடிப்பு நின்றால் அன்றே புறப்பட்டு வரவேண்டும். தாமதித்தால் காலோ உயிரோ போகும். குறி மங்கும்போதெல்லாம் அதன்மேல் நானே எழுதினேன். ஐந்து மாதம். முதல் பேருந்து மலை வளைவில் கியர் மாற்றும் ஒலி கேட்டதும் போர்வையிலிருந்து காலை நீட்டி, "துடிக்குதா?" என்பீர்கள். துடிக்கிறது என்பேன்.

கடைசி மூன்று காலைகளில் மட்டும், "சில்லுன்னு கீது, நல்லா பாரு" என்றீர்கள். மார்கழிப் பனி என்றேன். நான்காம் நாள் பாதம் நீலம் பாரித்தது. சென்னையை எட்டியபோது அழுகிய காலின் விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது.

உங்களைக் கூடத்தில் கிடத்திக் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். பழக்கத்தில் என் விரல் பெருக்கல் குறிக்குப் போயிற்று. துடித்தது. விரலை எடுத்துப் புடவையில் துடைத்து மறுபடி வைத்தேன். ஐஸ் போன்ற தோலுக்கடியில், சீராக, அவசரமில்லாமல் துடித்தது. சுற்றி அழுதவர்கள் எவரும் கவனிக்கவில்லை. உங்களைத் தூக்கும்வரை கையை எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. பாசம் என்று பேசிக்கொண்டார்கள்.

பாசமுமில்லை, பேயுமில்லை. குறி போட்ட அன்று, நீங்கள் அயர்ந்து தூங்கியபோது மருத்துவர் என்னிடம் இன்னொன்றும் சொன்னார். அழுத்தித் தொட்டால் நம் விரல்நுனியின் துடிப்பே நமக்குத் தட்டுப்படும். சந்தேகம் வந்தால் மற்றக் கையை நம் கழுத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத் துடித்தால் அது நோயாளியுடையது அன்று.

இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த மூன்று காலைகளில் முதல் காலையிலேயே இடது கையைக் கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். இரண்டும் ஒன்றாகத்தான் துடித்தன. உங்கள் தம்பிகள் ஊரிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் சொன்னபடியே அடைத்துக்கொண்டது என்று அவர்கள் எதிரில் ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று எண்ணினேன். பிறகு இன்னொரு நாள்.

"துடிக்குது, பாவா" என்றேன். நிம்மதியாகக் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டீர்கள்.