சரிவைப் பெருக்கியது குறித்து

அனுப்புநர்
ஹலிஜா பிந்தி உஜாங்,
மனை எண் 63, செருவாய் மேடு குடியேற்றத் திட்டம்,
பகாங்.

பெறுநர்
நிலத் திட்ட அதிகாரி அவர்கள்,
செருவாய் மேடு வட்டாரம்.

பொருள்: செம்பனைச் சரிவிலிருந்த மூடுபயிர் களையெனக் கருதி அகற்றப்பட்டது, மீண்டும் முளைத்ததையும் அகற்றச் சொல்லும் அறிவிப்பை ரத்து செய்ய வேண்டுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. செப்டம்பர் இறுதியில் எங்கள் தூய்மைக் குழு வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்றை எடுத்தது. தலைநகர் விருந்தினர் ஒருவர் காரில் கடந்து போகும்போது, சாலையிலிருந்து தெரியும் நிலமெல்லாம் பெருக்கிய வீட்டு முற்றம் போலிருக்க வேண்டும். காப்பி தீரும்வரை விவாதித்து ஒருமனதாக நிறைவேற்றினார்கள்.

2. எங்களிடையே முற்றத்தில் ஓர் இலை கிடந்தாலும் அந்த வீட்டுப் பெண்ணின் வளர்ப்பைப் பற்றிப் பேச்சு எழும். அந்த நியாயம் மலைச்சரிவுக்கும் பொருந்தும் என்று அதுவரை எவரும் சொன்னதில்லை.

3. என் எண்ணெய்ப்பனைக் கன்றுகளுக்கிடையே படர்ந்திருந்தது பயறு இனக் கொடி. விதை தந்தது தங்கள் அலுவலகமே. மண்ணை மழை கொண்டுபோகாமல் பிடித்துக்கொள்ளும், உதிரும் தழை உரமாகும், வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள சத்தை மண்ணில் சேர்க்கும் என்று தங்கள் விவசாய உதவியாளர் சொன்னார். சொன்னபடியே நடந்தது. கன்றுகளை நெருக்கும் லாலாங் களைப்புல் மடிந்தது. மண் கறுத்து, கையில் பிடித்தால் ஈரம் ஒட்டியது. ஆனால் சாலையிலிருந்து பார்ப்பவருக்கு அது புதர்.

4. குழுத் தலைவர் பாக் சுலோங் நேரில் வந்து, "ஈஜா, ஒன் தோட்டத்துல பாம்பு பேரன் பேத்தி எடுத்துருச்சு. புருஷன் போனப்புறம் முடியலன்னா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்றார். அலுவலகம் தந்த பயிர் என்றேன். "ஆபீஸ்ல குடுத்தா களை பயிராயிடுமா?" என்று என்மீது மேலும் இரக்கப்பட்டார்.

5. அடுத்த ஞாயிறு ஊரே கூட்டுழைப்புக்கு வந்து இறங்கியது. அனுமதி கேட்டு உதவுவது எங்கள் வழக்கமல்ல. மறுக்கவும் இயலாது, கூட்டுழைப்பை மறுத்த வீட்டுச் சாவுக்கு ஊர் வராது. ஆகவே கொடியை வேரோடு பிடுங்கியவர்களுக்கு நானே சோறும் கருவாட்டுச் சம்பலும் பரிமாறினேன். பலர் இரண்டாம் முறை சோறு கேட்டார்கள். சிலர் உண்மையாகவே துடைப்பம் கொண்டுவந்திருந்தார்கள். மாலையில் சரிவு பளிச்சென்றிருந்தது. அனைவருக்கும் நன்றி சொன்னேன்.

6. விருந்தினர் வரவில்லை. மழை வந்தது. மேல்மண் ஓடையில் இறங்கிவிட்டது. கன்றுகளின் வேர் வெளியே தெரிகிறது. மண்ணில் தப்பிய விதைகள் முளைத்து, கொடி அங்கங்கே பற்றத் தொடங்கிய வேளையில் தங்கள் அறிவிப்பு கிடைத்தது. மாத முடிவுக்குள் "புதரை" அகற்றாவிட்டால் மனை வேறொருவருக்குப் போகும் என்கிறது. செய்தி கேட்டு மனம் வருந்திய பாக் சுலோங், இன்னொரு கூட்டுழைப்புக்கு நாள் குறித்திருக்கிறார்.

7. அந்தச் சரிவைத் தவிர எனக்கும் என் மகள்களுக்கும் வேறு நிலமில்லை. யார்மீதும் நடவடிக்கை கோரவில்லை. அவர்கள் நல்லவர்கள், கெட்டவர்களாக இருந்திருந்தால் வேலி போட்டிருப்பேன். அறிவிப்பை ரத்து செய்து, நிலத்தில் முளைப்பது தங்கள் அலுவலகத்தின் பயிர்தான் என்று ஒரு வரி முத்திரையிட்டுத் தந்தால் போதும். பெருமழைக்கு முன் கிடைத்தால் நிலம் எஞ்சும். தாமதமின்றி ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: செருவாய் மேடு
நாள்: 12 நவம்பர் 1987

இப்படிக்கு,
ஹலிஜா பிந்தி உஜாங்

பின்குறிப்பு: இம்மனுவை உறையிலிட்ட பின் மழை பெய்தது. மேல் வரிசைக் கன்றுகள் இப்போது கீழ் வரிசையில் உள்ளன.