அவ காப்பி குடிச்சிட்டா

அன்புள்ள குண்டூசி,

ஊர் ஊராகப் பறந்து லிஃப்ட் மாட்டி, படியேறச் சோம்பல்படும் மனித குலத்தை மாடிக்கு ஏற்றிக் காப்பாற்றும் என் அண்ணன் மகளுக்கு, பள்ளிக்கூட வேன் ஓட்டியும் இன்னும் பைத்தியம் பிடிக்காமல் இருக்கிற ஒரே மனிதனாகிய உன் சித்தப்பன் எழுதுவது. நாங்கள் இங்கே சௌக்கியம் என்று எழுதினால் பாதிப் பொய், இல்லை என்று எழுதினால் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாய், ஆகவே சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், வேன் ஓடுகிறது என்று எழுதி வைக்கிறேன். உன் சித்தியின் முழங்கால் மழைக்கு முதல் நாளே அறிக்கை விடுகிறது, வானிலைக்காரர்கள் இவள் காலில் வந்து விழுந்து பாடம் கேட்க வேண்டிய நிலை. என் வேனில் முன் சீட்டுக்கு நடக்கிற சண்டையைப் பார்த்தால் உலக யுத்தமெல்லாம் ஒத்திகை என்று தோன்றும். நேற்று ஒரு வாண்டு என் தோள்மேல் வாந்தி எடுத்துவிட்டு, மாமா நீங்க திடீர்னு திரும்பினா நான் என்ன பண்றது என்று என்னையே திட்டியது. நியாயம்தான் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இதெல்லாம் எங்கள் பக்கத்துச் செய்தி. உன் பக்கத்துச் செய்திதான் ஒன்றும் வரவில்லை.

வந்த ஒரே செய்தி, போன வாரம் நீ சித்தியிடம் போனில் சொன்னது. கார்டை உபயோகப்படுத்துவதே இல்லை, சம்பளம் மொத்தத்தையும் ஆபீஸிலேயே பணமாக வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன் என்றாயாம். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை, வெங்காயம் நறுக்கிக்கொண்டே சுவரிடம் சொன்னாள், நான் சுவருக்குப் பக்கத்தில் நின்றதால் கேட்டது. அடி புத்திசாலி, ஸ்டேஷனிலும் விடுதியிலும் தூங்கி எழுகிறவள் ஒரு மாதச் சோற்றை ஒரே பையில் கட்டிக்கொண்டு அலைவாயா. அந்தப் பை காணாமல் போனால் தெரியாத ஊரில் யாரிடம் போய் நிற்பாய். அன்று ராத்திரி எனக்கு வந்த கனவில் உலகத்துத் திருடர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு உன் பின்னால் வரிசை கட்டி நடந்தார்கள், வரிசையின் வால் எங்கள் தெருமுனை வரைக்கும் இருந்தது.

நீ ஏன் கார்டைத் தொடுவதில்லை என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேசத்தான் இந்தக் கடிதம், திருடர்கள் சும்மா முன்னால் ஓடுகிற பைலட் வண்டி.

அந்தப் பாங்க் கணக்கை உன் பேரிலும் உன் அம்மா பேரிலுமாகத் திறந்தபோது உனக்கு அங்கே நிலையான போன் நம்பர் இல்லை என்று உன் அம்மா தன் நம்பரைக் கொடுத்தாள். நீ எந்த நாட்டில் எதை வாங்கினாலும் பாங்க் அனுப்புகிற மெசேஜ் இங்கே வந்து மணி அடிக்கும். டிக்கெட் வாங்க வேண்டுமென்றால் ஓடிபி இங்கே வரும், நீ அவளைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அண்ணி என்ன லேசுப்பட்டவளா, கண்ணாடியைத் தேடி, துடைத்து, மாட்டி, நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிட்டியா, என்ன சாப்பிட்ட, இருமல் போச்சா, அந்த ஊர்ல குளிரா என்று சுங்கச் சாவடி போட்டுவிடுவாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் நம்பர் காலாவதியாகிவிடும். அம்மா சீக்கிரம் சொல்லும்மா, விமான டிக்கெட் விலை ஏறுது என்று நீ அங்கே கத்துவது எனக்கு இங்கே கேட்கும். அதனாலென்ன, இன்னொரு நம்பர் அனுப்பச் சொல்லு, நான் எங்க போயிடப் போறேன் என்பாள். அப்படிச் சொல்கிறபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீ பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன்.

நீ பார்க்காதது இன்னும் இருக்கிறது. நீ போய் ஒரு காப்பி வாங்கினால் போதும், இங்கே மணி அடிக்கும், அவள் செய்கிற வேலையை விட்டுவிட்டு மெசேஜை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, அவ காப்பி குடிச்சிட்டா என்று வீடு முழுக்க அறிவிப்பாள். மருந்துக்கடைப் பெயர் வந்துவிட்டால் அன்று எங்கள் யாருக்கும் ராத்திரிச் சாப்பாடு இறங்காது. ஒருமுறை காப்பிக்கடைத் தொகை வழக்கத்தைவிட இரண்டு மடங்காக வந்துவிட்டது. கூட யாரோ இருக்கான் என்று கண்டுபிடித்தாள். இல்லை அண்ணி, அங்கே விலைவாசி ஏறியிருக்கும் என்றேன். விலைவாசி ஒரே நாள்ல ரெட்டிப்பாகுமா, உங்களுக்கு என்ன தெரியும், பையன் நல்லவனாத்தான் இருப்பான், ஆனா காசை இவதான் கொடுத்திருக்கா என்று அதற்குள் அவன்மேல் குறையும் சொல்லியாகிவிட்டது. அந்தப் பையன் யார் என்று நான் கேட்கப்போவதில்லை. காப்பிக்குக் காசு கொடுக்கிறவனாக இருந்தால் சரி.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ மனதுக்குள் எழுதி வைத்திருப்பது வேறு. தான் வேலை பார்த்த தையல் கூடத்தில் காஜா மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே அவள் சாய்ந்துவிட்டாள். சேதி கேட்டு நான் வேனோடு போக, முதலாளியம்மா கூடத்தைப் பூட்டிவிட்டுக் கூட ஏறிக்கொள்ள, நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவளுடைய போன் மெஷினுக்குக் கீழே இருக்கிற டிராயரில், நூல்கண்டுகளோடு கிடந்தது, யாருக்கும் அது நினைவில்லை. நான் என் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டு, வாம்மா என்று மட்டும் சொன்னேன். நீ டிக்கெட் வாங்கப் பார்த்திருக்கிறாய், ஓடிபி பூட்டிய கூடத்துக்குள் டிராயருக்கு வந்திருக்கிறது. மறுபடி முயன்றிருக்கிறாய், மறுபடி டிராயருக்கு. பிறகு பாங்க் கார்டையே முடக்கிவிட்டது. கடைசியில் உன்னோடு வேலை செய்கிற பெண் தன் கார்டில் வாங்கிக் கொடுத்து நீ வந்து சேர்ந்தபோது வீட்டில் அவளுடைய மூக்குக்கண்ணாடிதான் இருந்தது. கிளம்புகிற அன்று வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, நான் பாங்க்ல அந்த போன் நம்பரை மாத்தியிருந்தா அம்மாவைப் பார்த்திருப்பேன் சித்தப்பா என்றாய். நானோ பெரிய பேச்சாளன், மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கிற தொண்டை, அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. உன் பெட்டியை வாங்கி வேனில் வைத்தேன்.

அப்போது வராத சொல் இதுதான். முதலாவது, நான் டிக்கெட் ஆபீஸில் போய் விசாரித்தேன். அன்று நீ இருந்த ஊரிலிருந்து முதல் விமானமே சாயங்காலம்தான். உன் அம்மா மத்தியானமே போய்விட்டாள். நீ ஓடிபியைக் கண்மூடித் திறப்பதற்குள் வாங்கியிருந்தாலும், விமானத்தை நீயே ஓட்டியிருந்தாலும் பார்த்திருக்க முடியாது. இதைக் கேட்டால் உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன், கேட்டுக்கொண்டு படியிறங்கி வந்த எனக்கே இருக்கவில்லை. ஆகவே இரண்டாவதையும் சொல்கிறேன்.

நம்பரை மாற்றச் சொல்லி நீ அவளிடம் எத்தனையோ தடவை சொன்னாய். ஒருமுறை, பாங்குக்குப் போனேன், ஒரே கூட்டம், திரும்பி வந்துட்டேன் என்றாளே, நினைவிருக்கிறதா. அவளை வேனில் கூட்டிப்போனது நான். கூட்டமா, அந்தப் பாங்கில் அன்று ஈ காக்கை இல்லை, காவலாளி கொட்டாவி விட்டதில் விசிறி சுற்றியது. கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாக உட்காரவைத்து, நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிய மனுவை வாங்கிப் பார்த்து, எல்லாம் சரியாயிருக்கு, நீங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா போதும் என்றாள். உன் அம்மா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, மாத்திட்டா இந்த மெசேஜ் எனக்கு வராதா என்று கேட்டாள். வராதும்மா, உங்க பொண்ணுக்கே போயிடும் என்றாள் அவள். உன் அம்மா மனுவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வேனில் ஏறினதும், கூட்டமா இருந்துச்சுன்னு சொல்லிடுங்க தம்பி என்றாள், அதோடு சரி. அந்த நம்பரை நீ மாற்றாமல் விடவில்லை குண்டூசி. அவள்தான் மாற்ற விடவில்லை. நீ எங்கே எந்தத் தெருவில் இருக்கிறாய் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு இருந்த ஒரே ஜன்னல் அது, அதை அவள் மூட மாட்டேன் என்றாள். இதைப் படித்ததும் உனக்கு அவள்மேல் கோபம் வரும். வரட்டும். உன்மேல் வைத்திருக்கிற கோபத்தைவிட அது நல்லது, அவள் தாங்குவாள்.

இனி காரியத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தோடு புதுக் கார்டு வைத்திருக்கிறேன். நீ வந்திருந்தபோது போட்ட கையெழுத்தை வைத்துக் கணக்கை உன் ஒருத்தி பேருக்கு மாற்றியாகிவிட்டது, போன் நம்பர் மட்டும் இன்னும் அம்மாவுடையதுதான். அன்று டிக்கெட் வாங்கிக் கொடுத்த உன் தோழி விடுமுறைக்கு இந்தப் பக்கம் வந்திருக்கிறாள், அவளிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். பின் நம்பர் உறையை இதில் வைக்கவில்லை, அது தனியாக வரும், இரண்டும் ஒரே பையில் பயணம் செய்தால் திருடனுக்குச் சாவியோடு வீட்டைக் கொடுத்த மாதிரி. பாங்குப் பெண் சொன்னதையெல்லாம் ஒப்பிக்கிறேன், இதை என் மேதாவிலாசம் என்று நினைத்து மயங்காதே. ஊர் மாறுவதற்கு முன்னால் இன்ன நாட்டுக்குப் போகிறேன் என்று பாங்குக்குத் தெரிவித்துவிடு, இல்லாவிட்டால் உன்னையே திருடி என்று நினைத்துக் கார்டை நிறுத்துவார்கள். வேறொரு பாங்கிலும் ஒரு கணக்குத் திறந்து இன்னொரு கார்டு வாங்கிப் பெட்டியில் வை, இது உடம்போடு இருக்கட்டும், இரண்டையும் ஜோடி சேர்க்காதே. கடைக்காரன் எங்க ஊர்க் காசுலயா உங்க ஊர்க் காசுலயா என்று பல்லைக் காட்டிக் கேட்டால் அவன் ஊர்க் காசிலேயே போடச் சொல்லு, நம் காசாக மாற்றித்தருகிற அன்புக்குப் பின்னால் கமிஷன் உட்கார்ந்திருக்கும். தெருவில் தனியாக நிற்கிற ஏடிஎம்மை நம்பாதே, பாங்குக்குள்ளே இருப்பதில் எடு, நம்பர் அடிக்கும்போது கையால் மறைத்துக்கொள். கார்டு தொலைந்தால் கூப்பிடுகிற எண்ணைக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் இல்லாமல் வேறெங்காவது வை, பர்ஸே போன பிறகு பர்ஸைத் திறந்து பார்க்க முடியாது பார்.

எல்லாவற்றுக்கும் மேலே, நம்பரை மாற்று. ஓடிபி இனி உன் கைக்கே வரட்டும். வீட்டுக்கு வருவதற்கு நீ இனி எந்த டிராயரிடமும் அனுமதி கேட்கக் கூடாது. செலவு மெசேஜ் மட்டும் இன்னொரு நம்பருக்கும் வருமா என்று பாங்குப் பெண்ணிடம் கேட்டேன், கணக்கு வைத்திருப்பவர் எழுதிக் கேட்டால் வரும் என்றாள். கேட்பதும் கேட்காததும் உன் இஷ்டம், சித்தப்பன் கட்டளையிடவில்லை, கெஞ்சவும் இல்லை, சும்மா காதில் போட்டுவைக்கிறேன்.

அம்மாவின் போன் அலமாரியில் இருக்கிறது. உன் சித்தி தினமும் சார்ஜ் போடுகிறாள், ஏன் என்று நான் கேட்டதில்லை. அவ்வப்போது மணி அடிக்கும், ஓடிப்போய்ப் பார்ப்போம், யாரோ கடன் தருகிறேன் என்பான், அல்லது சேலைத் தள்ளுபடி. ஆகையால் நம்பரை மாற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை செய். இந்தக் கார்டை எடுத்துக்கொண்டு போய் ஒரு காப்பி வாங்கு. உட்கார்ந்து நிதானமாகக் குடி. பதில் எழுத வேண்டாம், போன் பண்ண வேண்டாம். இங்கே மணி அடிக்கும். அப்போது இந்த வீட்டில் யாராவது அதைச் சொல்ல வேண்டும் இல்லையா. சித்தி தன்னால் முடியாது என்றுவிட்டாள். நான் வேனில் பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டுத் திரும்புகிறபோது தனியாகச் சொல்லிப் பார்க்கிறேன், அவ காப்பி குடிச்சிட்டா, அவ காப்பி குடிச்சிட்டா என்று. இன்னும் அவள் சொன்ன மாதிரி வரவில்லை. நீ வாங்குவதற்குள் வந்துவிடும்.

நீ நூறு வருஷம் நன்றாயிரு, நீ மாட்டுகிற லிஃப்டெல்லாம் நடுவில் நிற்காமல் போகட்டும், உன் வயிறும் பையும் காலியாகாமல் இருக்கட்டும். மறக்காதே, கார்டு ஒரு இடம், பின் நம்பர் ஒரு இடம், மீதிப் பணத்தை நாளைக்கே கணக்கில் கட்டு.

இப்படிக்கு,
அலமாரிக்குப் பக்கத்து நாற்காலியில் பதவியேற்றிருக்கும்
உன் சித்தப்பா