நீங்கள் சொல்லி அனுப்பியதாக

கொலோவாய்,
செவ்வாய்க்கிழமை.

என் அன்பான செமிசிக்கு,

லேசியெலி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் பெண்கள் இருவரும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அந்த நாட்டுத் தோட்டத்தில் திராட்சைக் கூடை தூக்குவதில் இளவட்டங்களோடு போட்டி போடாதீர்கள். நீங்கள் இளவட்டமாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்போதும் அவ்வளவு ஒன்றும் பலசாலி இல்லை.

பெரியவள் கோயில் பாடகர் குழுவில் சேர்ந்துவிட்டாள். சமையல்கட்டுக் கூரை ஒழுகுகிறது. நீங்கள் வந்துதான் பார்க்க வேண்டும்.

சனிக்கிழமைதோறும் போனில் பேசுகிறவள் எதற்காக உங்கள் தோட்டத்துக்கே வேலைக்கு வருகிற சதேக்கி கையில் கடிதம் கொடுத்தனுப்புகிறாள் என்று யோசிப்பீர்கள். நேற்று நான் கூப்பிட்டு "உங்க அக்கா" என்று ஆரம்பித்ததுமே போனை வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிப்பதென்றாலும் பாதி வாசித்த பிறகுதான் கிழிப்பீர்கள்.

வருஷப் பிறப்பு ஆராதனையில் நம் சபைப் பெண்கள் எல்லாரும் ஒரு பொருத்தனை செய்தோம். தினம் ஒரு தயவு, வெளியே சொல்லாமல். நானும் மும்முரமாகச் செய்தேன். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தேன். வாயாடி ஃபினாவுக்குக்கூட மரவள்ளிக் கிழங்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஊருக்கெல்லாம் தயவு காட்டினேன், முள்கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரே ஒரு வீட்டைத் தவிர. உங்கள் மெலெனைத்தே அக்காவின் பன்றிகள் நம் வள்ளிக்கிழங்கைத் தோண்டியதும், நீங்கள் கம்பி கட்டியதும், "இடுப்புல தூக்கி வளத்தவளுக்கே வேலி போட்டுட்டான்" என்று அவர் கோயில் வாசலில் அழுததும் மூன்று வருஷக் கதை. அதைத் திரும்ப எழுதப்போவதில்லை.

ஆறு வாரத்துக்கு முன்பு ஞாயிறு காலை குழியடுப்பு மூட்டும்போது பார்த்தேன், அக்கா வீட்டில் புகை இல்லை. அதற்கு முந்தின ஞாயிறும் இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை புகை எழும்பாத வீடு நம் ஊரில் உண்டா? அவர் பிள்ளைகள் எல்லாம் நியூசிலாந்தில். அன்று போதகர் என்ன பிரசங்கித்தார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

கோயில் விட்டதும் சேம்பிலையில் பொதிந்து வேகவைத்த இறைச்சி நாலு பொட்டலம் தட்டில் எடுத்துக்கொண்டு ரோட்டு வழியாகச் சுற்றிப் போனேன். காலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாயில் படுத்திருந்தார். தட்டைத் தொடவில்லை. "இது உன் தயவா, இல்ல என் தம்பி குடுக்கச் சொன்னானா?" என்று கேட்டார். என் தயவு என்றால் தட்டு அப்படியே திரும்பிவிடும். நீங்கள்தான் சொல்லி அனுப்பினீர்கள் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, வேதபுத்தகம் கக்கத்தில் இருக்க, பொய் சொன்னேன். நாலு பொட்டலத்தையும் அழுதுகொண்டே சாப்பிட்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு ஞாயிறும் "தம்பி என்ன சொன்னான்?" என்று கேட்கிறார், நானும் சொல்கிறேன். இந்த ஆறு வாரமாக நீங்கள் ரொம்ப அருமையாகப் பேசுகிறீர்கள். சின்ன வயதில் அவர் உங்களுக்குப் பேன் பார்த்ததைக்கூட நினைத்துச் சொன்னீர்கள். எனக்கே உங்கள் மேல் புதிதாக ஆசை வருகிறது.

இரண்டாவது ஞாயிறு, புண் எப்படி வந்தது என்று கேட்டேன். "பன்னிய வெரட்டப் போனேன், குத்திருச்சு. தம்பிகிட்ட சொல்லிராத, தாங்கமாட்டான்" என்றார். எது குத்தியது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஞாயிறு ஓய்வுநாள் என்பதால் அன்று கை வைக்கவில்லை. திங்கள் விடிந்ததும் உங்கள் குறடை எடுத்துப்போய்க் கம்பியை ஒரு முழம் விடாமல் வெட்டிப் போட்டேன். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள்.

அவருக்குச் சர்க்கரை இருப்பது உங்களுக்குத் தெரியும். நர்ஸ் வந்து கட்டுப் போட்டும் ஆறவில்லை. சனிக்கிழமை காய்ச்சல் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டுமாம், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்தாம். கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். "தம்பி வாயால ஒரு வார்த்த சொல்லட்டும், போடுறேன். நீ இத்தன நாளாச் சொன்னதும் அவன் பேச்சுதானான்னு அப்பத் தெரிஞ்சிரும்ல" என்று என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். தெரிந்தேதான் ஆறு ஞாயிறும் சாப்பிட்டிருக்கிறார்.

சதேக்கி நாளை விமானம் ஏறுகிறான். வியாழக்கிழமை இது உங்கள் கையில் இருக்கும். நீங்கள் எப்போது கூப்பிட்டாலும் நான் அவர் கட்டிலருகே இருப்பேன். மணி அடித்ததும் போனை அவர் கையில் கொடுத்துவிடுவேன். எனக்குப் பேச ஒன்றும் இல்லை. முதுகுவலியைப் பற்றிக்கூட கேட்க மாட்டேன். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால் "சாப்பிட்டியா அக்கா" என்று கேளுங்கள். அழுகை வந்தால் அழுங்கள், அவர் ஒன்றும் நினைக்க மாட்டார்.

கர்த்தர் உங்கள் கைகளையும் நாவையும் ஆசீர்வதிப்பாராக. நான் சொன்ன பொய்யைக் கர்த்தரிடம் இன்னும் அறிக்கையிடவில்லை. நீங்கள் கூப்பிடும்வரை பொறுத்துப் பார்க்கிறேன். அதன் பிறகு அது பொய்யாக இல்லாமல் போகலாம்.

என்றும் உங்கள்,
லேசியெலி