விட்டுப்போன துணைக்கால்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ, அத்தான், மகள் மூவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சின்னம்மா பேச்சு வந்தாலே உன் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. கடிதம் என்றால் கோபம் வந்தாலும் மடித்து வைத்துவிட்டு அப்புறம் எடுத்துப் படிப்பாய்.

நீ கேட்ட காரியத்தைத் தொடங்கிவிட்டேன். உன் மகள் வரைகிற வம்சப் படத்தில் நம் அம்மாவுக்கான கட்டத்தில் பெயரைத் தவிர ஒன்றும் இல்லை என்றாய். கல்லறையையாவது படம் எடுத்து அனுப்பு என்றாய். எங்கே என்று போய் எடுப்பது? அம்மா போனபோது நான் கைக்குழந்தை. உனக்கும் ஒரு கூட்டமும் மழையும்தான் ஞாபகம். அடுத்த வருடமே அப்பா நம்மை நகரத்தின் இந்தக் கோடிக்கு அழைத்து வந்து, சின்னம்மாவையும் கட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் பஸ் ஏறுவதையே விட்டுவிட்டார். கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். இப்போது கேட்க அவரும் இல்லை.

கல்லறைகளைப் படம் எடுத்து இணையத்தில் ஏற்றுகிற குழு ஒன்று இங்கே இருக்கிறது. யாரும் சம்பளம் வாங்குவதில்லை. எங்கெங்கோ இருப்பவர்கள் தங்கள் ஆட்களின் பெயரைப் போட்டுத் தேடுவார்கள். கல் கிடைத்தால் அழுதுகொண்டே நன்றி எழுதுவார்கள். நானும் அம்மாவின் பெயரைப் போட்டுத் தேடினேன். இல்லை. நாம் முன்பு இருந்த பக்கத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தின் பின்பக்கம் இன்னும் படம் எடுக்கப்படவில்லை என்றார்கள். அதை எடுக்க ஆள் போதவில்லை என்றும் சொன்னார்கள். அதனால் நானே சேர்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறோம். எனக்குத் துணை, கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊருக்கே கண்ணாடி மாட்டிவிடுகிறவர், தன் கண்ணாடியை மட்டும் வாரம் தவறாமல் மறந்துவிட்டு வருவார். கல்லைத் தண்ணீர் விட்டு மிருதுவான பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். சோப்பு கூடாது. பிறகு அவர் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் திருப்புவார். அழிந்துபோன எழுத்து நிழல் கட்டிக்கொண்டு எழும்பி வரும். வந்ததும் நான் எடுத்துவிட வேண்டும். மேகம் வந்தால் போச்சு. என் வீட்டுக்காரர், உயிரோடு இருக்கிற என்னை ஒரு நாளாவது இப்படித் துடைத்து உட்காரவைத்துப் படம் எடுத்திருக்கிறாயா என்கிறார்.

சின்னம்மாவிடம் கேட்டால் என்ன என்று நீ நினைக்க மாட்டாய். எனக்கும் தோன்றவில்லை. அம்மா பேச்சை அவர் எதிரில் நாம் எடுத்ததே கிடையாதே. மூட்டு வலியும் மூச்சிரைப்புமாக அவர் தன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் தங்கை

•

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா கிடைத்துவிட்டாள்.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை வைத்துவிட்டேன். சுவரோரக் கடைசி வரிசையில், ஒரு வேலிச் செடிக்குப் பின்னால் இருந்தாள். சின்னக் கல்தான், முழங்கால் உயரம். பக்கத்துக் கற்களில் எல்லாம் பாசி தடித்துக் கிடக்க, இதில் மட்டும் மெல்லியதாகத்தான் படிந்திருந்தது. யாரோ வெகு காலம் துடைத்துவந்து, சமீபத்தில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். கண்ணாடிக்காரர் வெயிலைத் திருப்பினார். முதலில் பெயர் எழும்பியது. அது அம்மாவின் பெயர் இல்லை. சரி, வேறு யாரோ என்று காமிராவைச் சரி செய்துகொண்டே கீழே பார்த்தேன். “பெரியவளுக்கும் சின்னவளுக்கும் அம்மா” என்று இருந்தது.

அக்கா, நம் வீட்டில் நம்மை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்களா? ஊரில் எத்தனையோ வீட்டில் பெரியவள், சின்னவள் இருப்பார்கள். ஆனாலும் காமிராவைக் கீழே வைத்துவிட்டேன். மேலே திரும்பவும் பார்த்தேன். அம்மாவின் பெயரேதான். முதல் எழுத்தில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருக்கிறது. அவ்வளவுதான். அந்த ஒரு கோடு இல்லாததால் உலகத்தில் எவளுக்கும் இல்லாத ஒரு பெயராகிவிட்டது. வருடம் சரியாக இருந்தது. இன்னும் நூறு வருடம் நாம் கணினியில் தேடியிருந்தாலும் அகப்பட்டிருக்க மாட்டாள்.

அப்பாதான் வைத்திருப்பார், வெளியே சொல்லவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு சின்னம்மா வீட்டுக்குப் போய், உங்களுக்கு இது தெரியுமா என்று கேட்டேன். சின்னம்மா பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், “நாந்தாம்மா வச்சேன்” என்றார்.

அப்பா ஒன்றுமே வைக்கவில்லையாம். வெறும் மண் மேடு. நம் வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் சின்னம்மா அதை எப்படியோ விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். “மழை பெஞ்சா மேடு கரைஞ்சிடும். நாளைக்குப் புள்ளைங்க பெருசாகி, எங்கம்மா எங்கன்னு கேட்டா எதக் காட்டுறது?” என்று அப்பாவோடு சண்டை போட்டிருக்கிறார். அவர் அசையவில்லை. அதனால் ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற வேலைக்குப் போய்வருகிற வழியில் கல் கொத்துகிறவரைப் பிடித்து, இவரே பேசி முடித்திருக்கிறார். என்ன எழுத வேண்டும் என்று அந்த ஆள் கேட்டானாம். பெயரையும் வருடத்தையும் சொல்லியிருக்கிறார். வேறென்ன என்று கேட்டானாம். “யாருக்கு அம்மான்னு எழுதுப்பா, அது போதும்” என்றாராம்.

மாதம் ஒரு முறை வேலை முடிந்து நேராக அங்கே போய்த் துடைத்துவிட்டு வருவாராம். மூட்டு மடங்காமல் போன பிறகுதான் நின்றிருக்கிறது. அவர் நேரம் கழித்து வருகிற அந்த நாட்களில் நீதான் அடுப்பைப் பார்த்துக்கொண்டாய். எங்கே ஊர் சுற்றிவிட்டு வருகிறாளோ என்று முணுமுணுத்துக்கொண்டே உலை வைப்பாய். உன்னைக் குறை சொல்ல எழுதவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இத்தனை வருடமாக ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. சின்னம்மா முறத்தைக் கீழே வைத்தார். “நீங்க கேக்கவே இல்லையேம்மா. நானாச் சொன்னா, ஒங்கம்மாவ நான்தான் பாத்துக்கிறேன்னு பெருமையடிக்கிற மாதிரி இருக்கும். கேட்டா காட்டலாம்னு இருந்தேன்” என்றார்.

கேட்பதற்கு நமக்கு என்ன தடை இருந்தது என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். 

துணைக்கால் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு எழுத்து தெரியாது என்பது உனக்கும் தெரியும். நாம் இருவரும் விளக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து படித்த காலத்தில், அவர் நம் சீருடைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை கார் பிடித்து அவரை அங்கே கூட்டிப் போகிறேன். படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் மகளிடம் காட்டு.

அன்புடன்,
உன் தங்கை

•

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் வந்தது. கல்லை எடுத்துவிட்டுப் பெயரைச் சரியாக வெட்டிப் புதிதாக வைக்கச் சொல்லியிருக்கிறாய். அந்த இரண்டாவது வரி வேண்டாம் என்கிறாய். ‘நம்மை அம்மாவின் பிள்ளைகள் என்று சொல்ல அவள் யார்’ என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது. நான் பதில் சொல்வதற்கு முன்னால் இங்கே நடந்ததைக் கேள்.

சின்னம்மாவைக் கூட்டிப் போனேன். இருக்கிறதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். காரை விட்டு இறங்கியதும் எனக்கு வழி காட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். பாதி தூரத்தில் மூச்சு வாங்கியது. ஒரு மதில் விளிம்பில் உட்கார்ந்து எழுந்து, மறுபடி நடந்தார். கல்லைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல, “வந்துட்டேன். சின்னவளும் வந்திருக்கா” என்றார்.

கண்ணாடிக்காரர் அங்கே வேலையாக இருந்தார். நல்ல மனுஷர். சின்னம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று, வெயிலைத் திருப்பி, கல்லில் இருப்பதை உரக்கப் படித்துக் காட்டினார். நான் சைகை காட்டுவதற்குள் படித்துவிட்டார். சின்னம்மா சிரித்துக்கொண்டே அம்மாவின் சரியான பெயரைச் சொல்லித் திருத்தினார். அவர் இன்னொரு முறை குனிந்து பார்த்துவிட்டு, “இல்லீங்கம்மா, கால் போடல. இப்படித்தான் வெட்டியிருக்கு” என்றார்.

சின்னம்மா என்னைப் பார்த்தார். என் முகத்திலேயே தெரிந்துவிட்டது.

அவர் அழவில்லை. கல்லின் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார். “தேடி வர்றவங்களுக்குக் கெடைக்கட்டும்னுதானே வச்சேன். நானே கெடைக்காமப் பண்ணிட்டேனா” என்றார். தேடி வந்தவள் நான் நிற்கிறேன், கிடைத்துவிட்டாளே என்று சொன்னேன். அது அவர் காதில் ஏறவில்லை. கண்ணாடிக்காரர் கையிலிருந்த கண்ணாடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சின்னம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அவராகவே, “அந்தக் கல்லை எடுத்திடும்மா. பெரியவளுக்குத் தெரிய வேணாம், ஏற்கெனவே கோவமா இருக்கா. கீழ இருக்கிற வரியையும் எடுத்திடு, அவளுக்குப் பிடிக்காது” என்றார். உன் கடிதம் அதற்கும் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அதை அவருக்கு நான் படித்துக் காட்டவில்லை. நீ சொல்லப்போவதை அவர் முன்னாலேயே அறிந்து வைத்திருக்கிறார், பார்த்தாயா. உன்னை அவ்வளவு கவனித்து வளர்த்திருக்கிறார்.

நான் கல்லை எடுக்கவில்லை. உன் சொல்லைத் தட்டுவது இதுதான் முதல் முறை, மன்னித்துக்கொள். கல் கொத்துகிற ஒருவரை அழைத்துப் போனேன். இரண்டு எழுத்துக்கும் நடுவில் இடமில்லை, புதுக் கல்தான் சரி என்றார். ஒரு மயிரிழையாவது போடுங்கள் என்று மன்றாடினேன். மெல்லிய உளியை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். ஒல்லியாக, கொஞ்சம் சாய்ந்து நிற்கிறது. ஆனால் நிற்கிறது. கீழே உள்ள வரி அப்படியே இருக்கிறது.

சின்னம்மாவால் இப்போது அவ்வளவு தூரம் வர முடியவில்லை. படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். எந்த இடம் என்று கேட்டார். அவர் விரலைப் பிடித்துத் துணைக்காலின் மேல் வைத்தேன். “இதுக்காகவா” என்றார். பிறகு, இப்போது யாராவது தேடினால் கிடைப்பாளா என்று கேட்டார். கிடைப்பாள் என்றேன். இணையத்திலும் பெயரைத் திருத்திவிட்டேன். உன் மகளையே தேடிப் பார்க்கச் சொல்.

நேற்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவர் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. பழைய ஆட்கள் இரண்டொருவர் அடையாளம் கண்டு வந்து பேசினார்கள். பெரிய பொண்ணு வெளிநாட்டில் இருக்கிறாள் என்று எல்லோரிடமும் சொன்னார். போன வாரம்கூட பேசினாள் என்றார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். டாக்டர் பரிசோதித்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். அவர் சொன்னதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

அக்கா, நீ மனம் மாற வேண்டும் என்று கேட்கவில்லை. அம்மாவின் இடத்தை யாருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. அவரும் அதைக் கேட்டதில்லை. ஒரே ஒரு முறை அவருக்குப் போன் பண்ணு. கல்லைப் பற்றிப் பேச வேண்டாம். பழசு எதுவும் வேண்டாம். சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேள். அவர் நீ சாப்பிட்டாயா என்று கேட்பார். அது போதும். நீ பேசாத ஒரு போன் பேச்சை அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார், அதை மெய்யாக்கிவிடு.

அத்தானுக்கு என் வணக்கம். மகளுக்கு முத்தங்கள். நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பண்ணு என்றுதான் எழுத நினைத்தேன். சீக்கிரம் பண்ணு, அக்கா.

உன் தங்கை