தாஸ் கழற்றித் தந்த பிளக்

12-2-84, ஞாயிறு.

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். செத்துப்போன தாஸின் பெயரில் கோப்பை வைக்கலாமா என்று இன்று பைக் ரேஸ் கிளப்பில் பேச்சு வந்தது. செயலாளர் சிரித்தான்.

"ஒரு ரேஸாவது ஜெயிச்சிகிறானா அவன்?"

முன்பு வாலாஜாபாத் சாலையில், இருவர் மட்டும் நேர்கோட்டில் போட்டியிடும் டிராக் ரேஸில், கிளம்பும் நேரம் பார்த்து இந்தச் செயலாளரின் பைக்கில் ஸ்பார்க் பிளக் போனது. எதிர்த்து ஓட வேண்டிய தாஸ், தன் புது பிளக்கைக் கழற்றி இவனுக்குக் கொடுத்துவிட்டு, பழையதை மாட்டி ஓடித் தோற்றான். ஏனடா என்று கேட்டேன்.

"நின்னுபோன வண்டிய ஜெயிக்கிறதுல இன்னா மஜா கீது, வாத்தியாரே?"

அது மட்டும்தான் காரணமா? இன்னும் விளங்கவில்லை. நானாக இருந்தால் இவனுக்கு ஒரு திருகாணிகூடத் தந்திருக்க மாட்டேன்.

நடந்ததைக் கமிட்டிக்கு எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட்டால் என் பழைய பகை என்று ஒதுக்கிவிடுவார்கள். பெயர் போடாமலே காலையில் தபாலில் சேர்க்கிறேன்.