அனந்தபுரத்துக்குப் பகல் கரண்ட்

பிப்ரவரி 9, திங்கள்

ரேஷன் கடையில் ஒரு மணி நேரம் நிற்கிறவர்கள், மோட்டார் ஓட ஐந்து நிமிடம் ஏன் காத்திருக்க மாட்டேன் என்கிறார்கள்?

அனந்தபுரத்து வயல்களுக்குச் சூரிய மின்நிலையத்திலிருந்து பகலில் மின்சாரம் தரும் எங்கள் மின்வாரியச் சோதனை இன்று தொடங்கியது. ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்ததும் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பின. சுமை தாங்காமல் லைன் ட்ரிப் ஆகி நின்றது. ஒன்றன்பின் ஒன்றாக ஓடத்தானே ஆளுக்கொரு டைமர் பொருத்தினேன்?

பிப்ரவரி 10

மறுபடி ட்ரிப். லைன்மேன் கோவிந்தசாமியுடன் வயல் வயலாகப் போனேன். எல்லா டைமரையும் பூஜ்யத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள்.

"மத்தவங்க லேட்டா போடறாங்க இல்ல மேடம், நான் ஒருத்தன் மொதல்ல போட்டா இன்னா ஆயிடும்?" என்றார் விவசாயி தனகோட்டி. அடுத்த வயல் வீராசாமியும் அதையேதான் சொன்னார்.

பிப்ரவரி 11

இன்றும் ட்ரிப். டைமர் என் யோசனை என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 12

நாளையும் ட்ரிப் ஆனால் சோதனையை நிறுத்திவிட்டுப் பழையபடி இரவில்தான் கரண்ட் என்று மேலிடம் சொல்லிவிட்டது. மாலையில் விவசாயிகளைக் கூட்டிச் சொன்னேன். மல்லாட்டைப் பயிர் போட்டிருக்கும் செல்லம்மாள் எழுந்தார்.

"ராத்திரில டார்ச்ச வாயில கவ்விக்கினு மடை மாத்தறவ நானு. நாளைக்கு எவன் மோட்டாரால ட்ரிப் ஆவுதோ, தினம் ராத்திரி அவன் வூட்டுக் கதவத் தட்டி இட்டுக்கினு போவேன். அவன் வந்து மாத்தட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி

ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்தது. ஒரு மோட்டார்கூட ஓடவில்லை.

செஞ்சி அலுவலகத் திரையில் வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகிறது. வெயில் தரும் மின்சாரத்தை வாங்க ஆளில்லை — இப்படியும் ட்ரிப் ஆகும். கோவிந்தசாமியைக் கூப்பிட்டேன்.

"எல்லாரும் ஆட்டோ ஸ்டார்ட்டர ஆஃப் பண்ணிட்டு ஷெட்டு வாசல்ல நிக்கறாங்க மேடம். செல்லம்மா வூட்டுக்கு வந்துடும்னு பயம்."

நான்கு நாளாகப் 'பொறுங்கள், பொறுங்கள்' என்றவள், செல்லம்மாளுக்கு போன் போட்டு மோட்டாரைப் போடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"போடறேன். ட்ரிப் ஆச்சுன்னா உங்க வூட்டுக்கு வருவேன்."

போட்டார். போனை வைக்கவில்லை. அவர் கத்துவது கேட்டது: "தனகோட்டி, என்னுது ஓடுது. உன்னுத போடு." சற்றுப் பொறுத்து, தனகோட்டி வீராசாமியைக் கூப்பிடுவது. அப்புறம் இன்னும் தள்ளி யாரோ யாரையோ. திரையில் சுமைக் கோடு படிப்படியாக ஏறியது; வோல்டேஜ் இறங்கியது.

மூன்று மணி வரை ட்ரிப் இல்லை. சோதனை தொடரட்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். மோட்டார்களை வரிசைப்படுத்திய முறை என்ன என்று கேட்டார்கள். கொஞ்சம் யோசித்து, "கூப்பிட்டுச் சொல்வது" என்றேன்.