வாசலில் விழுந்த கள்ளிப்பழம்

அரிசோனா,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு ஜெர்லின் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? திண்டிவனம் டாக்டரிடம் அப்பா அழைத்துப் போனாரா?

போனில் சொல்ல வெட்கமாக இருந்ததால் எழுதுகிறேன். பெரிதாக ஒன்றுமில்லை, பயப்படாதே. நான் குடியிருக்கும் வீட்டு வாசலில் சப்பாத்திக்கள்ளி நிற்கிறது. பழம் பழுத்து உதிர்ந்து தரையெல்லாம் சிவப்பாகக் கிடந்தது. உன் மகள் ஆயிற்றே, விடிந்ததும் ஒன்றுவிடாமல் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் ஓர் ஆமை வந்தது. கள்ளியைச் சுற்றிச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு வெறும் வாயோடு திரும்பிப் போனது. உதிர்ந்த பழத்துக்காகத்தான் அது வரும் என்றார் வீட்டுக்கார அம்மாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"கள்ளியப் போயி என்னாத்தடி படிச்சிக்கினு இருக்கிற?" என்று கேட்பாயே, இதைத்தான் படிக்கிறேன். கள்ளிக்கு இலை கிடையாது, பச்சைத் தண்டுதான் அதற்குச் சோறு சமைக்கிறது. தண்டில் இருக்கும் சின்னச் சின்ன வாய்களைப் பகலில் திறந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வற்றிவிடும். அதனால் இரவிலேயே காற்றை வாங்கி வைத்துக்கொண்டு, பகல் வெயிலில் சமைக்கிறது. அதைத்தான் ஆமையும் முயலும் தின்கின்றன. முயலை நரி தின்கிறது. வகுப்பில் இளைய மாணவர்களுக்கு இதைப் பாடமாகவே எடுத்தவள் நான். அப்படிச் சமைத்துப் போட்ட சோற்றைத்தான் அள்ளிக் கொட்டியிருக்கிறேன்.

இட்லிக்குத் தொட்டுக்கொள்ள மல்லாட்டைப் பொடி இருந்தால் அனுப்பு. பஸ் வரும் நேரம், இன்னும் ஒன்றே ஒன்று. நீ காலையில் வாசல் கூட்டும்போது போனைப் பக்கத்தில் வைத்து, அந்தச் சத்தத்தை மட்டும் பதிவு செய்து அனுப்பு. அது கேட்டால்தான் எனக்கு விடிந்த மாதிரி இருக்கும். இங்கே இனி நான் கூட்டக் கூடாது.

உன் மகள்
ஜெர்லின்